வெட்டி ஆபீசர்களின் ஊர்

டெக்சஸின் தலைநகரான ஆஸ்டினில், பல்கலைக்கழக வளாகத்தின் தெற்கு ஓரத்தில், டோபி சென்டர் என்ற 27 மாடிக் கட்டடம் நிற்கிறது. 1972இல் தனியார் மாணவர் விடுதியாகத் திறக்கப்பட்டது. 1984இல் அதன் உச்சியில், 2713ஆம் எண் அறையில், மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு வந்து சேர்ந்திருந்த மைக்கேல் டெல் என்ற மாணவர் கணினிகளைப் பிரித்துச் சேர்த்து விற்க ஆரம்பித்தார். அந்த வியாபாரம் எங்கே போய் நின்றது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயர் பொறித்த கணினியைத் தொடாத தமிழ்க் குடும்பம் அமெரிக்காவில் இருக்குமா என்பது சந்தேகம்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளங்களில் ஒரு கடைவளாகம், அதற்குள் டோபி தியேட்டர் என்றொரு சிறிய திரையரங்கு. 1990 ஜூலையில் அங்கே 'ஸ்லாக்கர்' என்ற படம் வெளியாகி, அரங்கு நிறைந்து ஓடியது. 23,000 டாலரில், 16 எம்.எம். சுருளில், நண்பர்களை வைத்து எடுத்த படம். இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர். மறு வருடம் ஓரியன் கிளாசிக்ஸ் நிறுவனம் அதை வாங்கி நாடு முழுக்க வெளியிட்டது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கப்பட வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

பிழைப்பால் நான் அந்த 27ஆம் மாடியின் வழிவந்தவன். ஊருக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் குடியிருக்கும் ஆயிரக்கணக்கான கணினித் தமிழர்களில் ஒருவன். ஆசையால் அந்தக் கீழ்த்தளத்தின் ரசிகன். இந்த இரண்டும் எப்படி ஒன்றையொன்று தின்றன என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரு ஊரின் சுயாதீன இசையும் சினிமாவும் அவற்றைச் சுற்றியுள்ள ஆட்களும் சேர்ந்த மொத்தத்தை இங்கே 'சீன்' என்கிறார்கள். நம்மூரில் சீன் என்றால் ஒருவன் போடுவது, அடுத்தவன் சகிப்பது. ஆஸ்டினில் அது ஊரே கூடி இழுக்கும் தேர் மாதிரி. யார் இழுத்தார்கள் என்று போய்ப் பார்த்தால் பாடகர்களையும் இயக்குநர்களையும்விட ரசிகர்களின் கைகள்தான் வடத்தில் அதிகம் தெரிகின்றன. ரசிகன் என்றதும் நமக்கு இரண்டு உருவங்கள் மனதில் வரும். கட்அவுட்டில் ஏறிப் பால் ஊற்றுபவன் ஒருவன். சபாவில் தொடையில் தாளம் போட்டுவிட்டு, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு நழுவுபவர் இன்னொருவர். ஆஸ்டினின் ரசிகன் மூன்றாவது வகை. அவன் சம்பளம் இல்லாத வேலையாள்.

'ஸ்லாக்கர்' என்ற சொல்லுக்கு அகராதி என்ன சொன்னாலும், தமிழில் சரியான சொல் 'வெட்டி ஆபீசர்'தான். படத்தில் கதை கிடையாது. அதிகாலைப் பேருந்தில் வந்திறங்கும் ஒருவன் (லிங்க்லேட்டரே நடித்தார்) டாக்சியில் ஏறி, தான் கண்ட கனவைப் பற்றி ஓட்டுநரிடம் பேசிக்கொண்டே போகிறான். கேமரா அவனை விட்டுவிட்டு வழியில் எதிர்ப்படும் இன்னொருவரைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அவரையும் விட்டுவிட்டு அடுத்தவரை. இப்படி நூறு பேர் வரை, ஒரே பகல், ஒரே இரவு. சதித்திட்டங்களை ஆராய்பவர், பழைய புத்தகக் கடையில் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுபவர், வாடகை கொடுக்காமல் காணாமல் போனவனின் அறையைத் துழாவும் நண்பர்கள். பாடகி மடோனாவின் மருத்துவப் பரிசோதனைக் குப்பி என்று சொல்லி ஒன்றைத் தெருவில் விற்க அலையும் பெண்ணாக வந்தவர் தெரசா டெய்லர், உள்ளூர் ராக் குழு ஒன்றின் டிரம்மர். படச் சுவரொட்டியில் இருக்கும் முகமும் அவருடையதே. கடைசியில் இளைஞர் கூட்டமொன்று சூப்பர் 8 கேமராவோடு குன்றேறிப் போய், அந்தக் கேமராவையே மேலிருந்து வீசி எறிகிறது. நடித்தவர்களில் பலர் உள்ளூர் இசைக்குழுக்களைச் சேர்ந்தவர்கள். கேமராவுக்கு முன்னால் இருந்தவர்களும் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களும் பெரிய அளவில் ஒரே ஆட்கள்தான்.

இந்தப் படம் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே லிங்க்லேட்டர் வேறொன்றைச் செய்து முடித்திருந்தார். அதற்கும் முன், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் கூலி வேலை. கரைக்கு வரும் நாட்களில் தியேட்டரே கதி. சேர்த்த காசில் ஒரு சூப்பர் 8 கேமரா வாங்கிக்கொண்டு ஆஸ்டினுக்குக் குடிவந்தார். 1985இல் கேமரா நண்பர் லீ டேனியல் முதலானவர்களோடு சேர்ந்து ஆஸ்டின் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். ஆரம்பத் திரையிடல்கள் பல்கலைக்கழகம் அருகே ஒரு காபிக் கடையின் மாடியில். பிரதியை வாடகைக்கு வரவழைப்பது, துண்டறிக்கை ஒட்டுவது, நாற்காலி போடுவது, வாசலில் காசு வாங்குவது, ரீலை ஓட்டுவது எல்லாம் அவர்களே. ஊரில் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத படங்களைப் பார்க்க வேண்டும். அதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி, தாங்களே காட்டுவது.

இது நமக்குத் தெரிந்த கதைதான். 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு ஃபிலிம் சொசைட்டி தொடங்கியபோது ராய் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர். 'பதேர் பாஞ்சாலி' வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. முதலில் பார்வையாளன், பிறகு பார்வையாளர்களைச் சேர்ப்பவன், அதற்கும் பிறகுதான் இயக்குநன். கல்கத்தாவிலும் ஆஸ்டினிலும் வரிசை ஒன்றாக இருப்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பார்க்க ஆளில்லாத ஊரில் படம் எடுப்பவன் வெளியூருக்கு எடுக்கிறான். ஊருக்காக எடுக்க, ஊரில் முதலில் ஒரு கூட்டம் வேண்டும்.

ஆஸ்டினில் அந்தக் கூட்டத்தை இசை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தது. 1970 ஆகஸ்டில், எடி வில்சன் என்ற இசைக்குழு மேலாளரும் நண்பர்களும் ஆற்றுக்குத் தெற்கே கைவிடப்பட்டுக் கிடந்த தேசியக் காவல்படைக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து 'அர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ்' என்ற அரங்கைத் திறந்தார்கள். அர்மடில்லோ என்பது எறும்புதின்னி போல ஓடு போர்த்திய ஒரு பிராணி. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பதில் பெயர் பெற்றது. ஜிம் ஃப்ராங்க்ளின் என்ற ஓவியர் அதைச் சுவரொட்டிகளில் வரைந்து வரைந்து ஊரின் குலச்சின்னமாகவே ஆக்கிவிட்டார். 1972 ஆகஸ்டில் நாட்டுப்புறப் பாடகர் வில்லி நெல்சன் அங்கே பாடினார். நாட்டுப்புறப் பாட்டுக்கு வரும் கௌபாய்த் தொப்பிக்காரர்களும் ராக் கேட்கும் நீள்முடிக்காரர்களும் அதுவரை ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் ஒரே கூரையின் கீழ் நின்றது அபூர்வம். இங்கே நின்றார்கள். ஒரே பீர் குடித்தார்கள். ஊர் அப்போது சிறியது. 1970இல் ஆஸ்டினின் மக்கள்தொகை இரண்டரை லட்சம். 2020இல் 9.6 லட்சம். இந்தக் கட்டுரையில் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடந்தவை.

அர்மடில்லோ 1980 டிசம்பர் 31 இரவோடு மூடப்பட்டது. இடத்தை விற்றுவிட்டார்கள். இடித்த இடத்தில் 13 மாடி அலுவலகக் கட்டடம் எழும்பியது. பிற்பாடு அதில் நகராட்சி அலுவலகங்களே பல ஆண்டுகள் இயங்கின.

ரசிகனின் உழைப்பு என்று சொன்னேனே, அதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு கேசட் போதும். 1980களின் நடுவில் டேனியல் ஜான்ஸ்டன் என்ற இளைஞர், ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிக் குழு ஒன்றோடு அலைந்து ஆஸ்டின் வந்து சேர்ந்தார். மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் வேலை. சாதாரண கேசட் ரெக்கார்டரில் தானே பாடிப் பதிந்து, உறையில் தானே வரைந்து, தெருவில் போகிறவர்கள் கையில் திணிப்பார். பிரதி எடுக்கும் கருவி இல்லாத ஆரம்ப நாட்களில், யாராவது கேசட் கேட்டால் வீட்டுக்குப் போய் மொத்த ஆல்பத்தையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிந்து கொண்டுவந்து கொடுப்பார். ஆக, அந்தக் கேசட்டுகளில் இரண்டு ஒன்றுபோல இருக்காது. குரல் நடுங்கும், சுருதி விலகும், பின்னணியில் இயந்திரத்தின் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். சாஸ்திரிய காது உள்ளவர்கள் முதல் நிமிடத்திலேயே எழுந்துவிடுவார்கள். நானும் முதல் தடவை எழுந்தவன்தான்.

அந்தக் கேசட்டுகளைக் கடைக்காரர்கள் கல்லாப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் நண்பர்களுக்குப் பிரதி எடுத்தார்கள். மற்ற குழுக்கள் தங்கள் கச்சேரிகளில் அவரை மேடையேற்றின. 1985இல் எம்.டி.வி. ஆஸ்டினைப் பற்றி நிகழ்ச்சி எடுக்க வந்தபோது ஜான்ஸ்டனும் அதில் வந்துவிட்டார். மனநோய் அவரை அடிக்கடி மருத்துவமனைக்கு அனுப்பியது. 1992இல் நிர்வானா குழுவின் கர்ட் கோபேன், ஜான்ஸ்டனின் 'ஹாய், ஹௌ ஆர் யூ' கேசட் உறையில் உள்ள தவளைப் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு விருது விழாவுக்கு வந்ததும் உலகம் கேட்டது, யாரிந்த ஆள் என்று. அடுத்த ஆண்டு சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற இசைத்தட்டுக் கடை, தன் சுவரில் அந்தத் தவளையை அவரையே வரையச் சொன்னது. 21ஆம் தெருவும் குவாடலூப் தெருவும் சந்திக்கும் முனை, டோபி கட்டடத்திலிருந்து சாலையைக் கடந்தால் வந்துவிடும். கடை போனது. 2004இல் அங்கே உணவகம் வைக்க வந்தவர்கள் சுவரை இடிக்கத் திட்டமிட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். தவளை தப்பியது. 2019இல் ஜான்ஸ்டன் இறந்தபோது அந்தச் சுவரடியில் பூக்கள் குவிந்தன.

சுவரைக் காப்பாற்றியவர்களால் கடையைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். படம் நிற்கிறது, படம் வரையச் சொன்ன கடை இல்லை. ஆஸ்டினில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

1999 ஜூலையில் நடந்தது இன்னும் வினோதம். லிபர்ட்டி லஞ்ச் என்பது நகராட்சிக்குச் சொந்தமான மனையில் 1970களின் நடுவிலிருந்து இயங்கிய இசை அரங்கு. அதன் கூரை, இடிக்கப்பட்ட அர்மடில்லோவிலிருந்து எடுத்து வந்து போட்டது. நம் ஊரில் பழைய வீட்டு உத்தரத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவார்களே, அப்படி. நகரின் நடுப்பகுதியைக் கணினிப் பேட்டையாக்கும் திட்டத்தில் அந்த மனையைக் கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். மூடுவதற்கு முன் மைக்கேல் ஹால் என்ற இசைக்கலைஞர் ஊரைக் கூட்டினார். 'குளோரியா' என்ற ஒரே ராக் பாட்டை 24 மணிநேரம் நிறுத்தாமல் வாசிப்பது என்று ஏற்பாடு. ஒரு கிதார்க்காரர் களைத்தால் இன்னொருவர் ஏறுவார், டிரம்மர் குச்சியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார், பாட்டு மட்டும் நிற்காது. அகண்ட நாமம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதன்பிறகு கூரை இடிந்தது. அந்தக் கூரைக்கு அது இரண்டாவது சாவு.

இடித்தது கணினி நிறுவனம் என்று எழுதிவிட்டு, வந்தவர்கள் யாரோ என்பதுபோல நான் நகர்ந்துவிட முடியாது. டெல் நிறுவனம் 1990களில் ரவுண்ட் ராக்குக்கு இடம் மாறியது. கூடவே சில்லு நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும், அவற்றோடு நாமும். ஊருக்கு வந்த புதிதில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் விளம்பரத்தாளில் 'இசை அரங்குகளுக்கு நடைதூரம்' என்று போட்டிருக்கும். அந்த வரிக்கு ஒரு விலை, அந்த விலையை இசைக்கலைஞரால் கொடுக்க முடியாது, என்னால் முடியும். நான் ஆசையோடு கேட்கப்போன இசையை, கேட்கப்போன காரணத்தாலேயே நகரின் விளிம்புக்குத் தள்ளுவதில் என் மாதச் சம்பளத்துக்கும் பங்குண்டு.

நகராட்சி 1991லேயே ஆஸ்டினை 'உலகின் நேரடி இசைத் தலைநகரம்' என்று தீர்மானம் போட்டு அறிவித்துக்கொண்டது. 2015இல் அதே நகராட்சி எடுத்த இசைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 4,000 பேர் பதிலளித்தார்கள். இசைக்கலைஞர்களில் ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. பாதிக்கு மேற்பட்டோர் அரசின் வீட்டு மானியம் பெறத் தகுதியுள்ள வருமானக்காரர்கள். அவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுக்கு உதவ 2005இலிருந்து ஓர் அறக்கட்டளை, மனநலச் சிகிச்சைக்கு 1995இலிருந்து இன்னொன்று. இரண்டையும் தொடங்கியவர்களில் கச்சேரி கேட்டவர்களும் கலைஞர்களின் குடும்பத்தாரும் உண்டு.

சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது தன்னைப் பற்றித் தானே நிறையச் சொல்லிக்கொள்ளும். 1987இல், ஊரின் மாற்று வார இதழான 'ஆஸ்டின் குரோனிக்கிள்' அலுவலகத்தில் நால்வர் தொடங்கியது. 150 பேர் வருவார்கள் என்று எண்ணினார்கள், 700 பேர் வந்தார்கள். 1994இல் திரைப்படமும் கணினி ஊடகமும் சேர்ந்தன. காலப்போக்கில் ஒட்டகம் கூடாரத்துக்குள் வந்த கதைதான். மேடையேறும் உள்ளூர்க் குழுவுக்கு மொத்தமாக 250 டாலர், அல்லது அதற்குப் பதிலாக விழாவுக்கான நுழைவுக் கைப்பட்டை என்ற நிலைதான் வெகுகாலம். கலைஞர்கள் சேர்ந்து போராடிய பிறகு 2024இல் அது 350 ஆனது. நாலு பேர் குழு, வேன் வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பழங்கதைகளைப் புலம்பலாகச் சொல்வோர் ஆஸ்டினில் ஏராளம். அவர்களோடு முழுக்கச் சேர எனக்கு மனமில்லை. ஒரு காரணம், 'ஸ்லாக்கர்' படத்தில் வெட்டியாகத் திரிபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வேலை வெட்டி இல்லாமல் தெருவில் நிற்பது ஒருவருக்குக் கலை, இன்னொருவருக்குக் காவல்துறை விசாரணை. 1928இல் நகர நிர்வாகம் போட்ட திட்டமே கறுப்பின மக்களின் பள்ளி, பூங்கா எல்லாவற்றையும் கிழக்குப் பகுதிக்கு மட்டும் ஒதுக்கி, அவர்களை அங்கே நகர்த்தியது. ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்று பிரித்துப் பழகிய நமக்கு இந்த வரைபடம் உடனே பிடிபடும். எல்லைக்கோடாக இருந்த அவென்யூ மேல்தான் பின்பு ஐ-35 நெடுஞ்சாலை வந்தது. கிழக்கே 11ஆம் தெருவில் விக்டரி கிரில் என்ற உணவகம் 1945இல் திறந்தது. போரிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது. பி.பி. கிங் போன்றவர்கள் அங்கே வாசித்தார்கள். அர்மடில்லோவுக்கு 25 ஆண்டுகள் முன்பே அங்கே ஒரு சீன் இருந்தது. 2000க்கும் 2010க்கும் இடையில் அமெரிக்காவில் வேகமாக வளர்ந்த பெருநகரங்களில் ஆஸ்டினில் மட்டும்தான் கறுப்பின மக்களின் எண்ணிக்கை குறைந்தது. கலைஞர்களை வாடகை விரட்டுகிறது என்று இன்று பேசும்போது, முதலில் விரட்டப்பட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு மேடையேறியபோது சுயாதீன இசை என்ற சொல்லுக்குள் அதுவரை யார் இருந்தார்கள், யார் இல்லை என்ற கேள்வி எழுந்ததே, அதே கேள்வி.

இன்னொரு காரணம், வேலை இன்னும் நடக்கிறது. ஃபிலிம் சொசைட்டி 1996லிருந்து டெக்சஸ் இயக்குநர்களுக்கு நல்கை கொடுக்கிறது. பழைய விமான நிலையத்தின் கொட்டகைகளை 2000இல் படப்பிடிப்புத் தளமாக்கியது. 2017இல் தனக்கென்று ஒரு திரையரங்கைத் திறந்துகொண்டது. குவாடலூப் தெருவில் 1974லிருந்து இருக்கும் ஹோல் இன் தி வால் மதுக்கூடத்துக்கு 2023இல் நகராட்சி நிதி உதவியோடு 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. அதன் முன்மேடை ஒரு பெரிய படுக்கையறை அளவுதான். வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், அதற்குப் பின்னால் தெரு. போகிறவர்கள் நின்று கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரு செவ்வாய் இரவு அங்கே நான் எண்ணியபோது, மேடையில் நால்வர், கீழே பதினொருவர். அதில் மூவர் அடுத்து வாசிக்க வேண்டிய குழு. பாட்டுகளுக்கு நடுவே பாடகியே ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைய வசூல் அதுதான். என்னிடம் பணத்தாள் இல்லை. கைப்பேசியில் அனுப்பலாமா என்று கேட்டேன். வாளியைத் திருப்பிக் காட்டினார், அடியில் கியூ.ஆர். கட்டம் ஒட்டியிருந்தது. எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நானும் உங்க ஆளுதான்," என்று ஆங்கிலத்தில் சிரித்தார். பகலில் அவரும் ஒரு கணினி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசி எடுப்பவர். 27ஆம் மாடியும் கீழ்த்தளமும் ஓர் ஆளுக்குள்ளேயே குடியிருக்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். நட்சத்திரப் படத்தின் முதல் காட்சிக்கு ஐ-35இல் நாற்பது நிமிடம் ஓட்டுகிறோம், ஊரிலிருந்து வரும் பாடகருக்கு நூறு டாலர் டிக்கெட் எடுக்கிறோம், அதில் தவறில்லை. ஆஸ்டினில் இருந்தாலும், ஹோபோக்கனில் இருந்தாலும், ஓக்லண்டில் இருந்தாலும், மாதத்தில் ஒரு வாரநாள் இரவு உள்ளூர்க் குழு ஒன்றின் முன்னால் பன்னிரண்டாவது ஆளாகப் போய் நில்லுங்கள். வாளி வரும்.

டோபி தியேட்டர் 2010இல் மூடப்பட்டது. 2016இல் கீழ்த்தளத்தில் டார்கெட் கடை திறந்தது. 2021இல் கட்டடத்தைப் பல்கலைக்கழகமே வாங்கிக்கொண்டது. மேலே விடுதி அப்படியே இருக்கிறது.